தெள்ளுப்பூச்சி மருந்துல எதுக்கு காசு போடலாம், எதுக்கு போட வேணாம்

மதுரைல தரைத்தளத்துல வாடகை வீடு, மணினு ஒரு நாட்டு நாய், ரெண்டு பூனை, பக்கத்து பிளாட்ல வீடு கட்ட வாசல் வரைக்கும் கொட்டி வெச்சிருக்க மணல், அதுல எந்நேரமும் படுத்து கிடக்குற தெரு நாய்ங்க. தெள்ளுப்பூச்சி வராம என்ன செய்யும். போன ஐப்பசி மழைல ஆரம்பிச்சது, பொங்கல் நெருங்குற வரைக்கும் வீட்ல எல்லார் கணுக்கால்லயும் சிவப்பு சிவப்பா தடிப்பு, அம்மா ராத்திரி முழுக்க சொறிஞ்சுக்கிட்டு என்னையும் மணியையும் சேத்து திட்டுவாங்க. இந்த ஒரு சீசன்ல கடைல விக்கிற ஏறக்குறைய எல்லா ரகத்தையும் வாங்கி போட்டு பாத்தாச்சு. யாராச்சும் இப்ப இதே கஷ்டத்துல இருந்தா காசு மிச்சமாகட்டுமேனு எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நான் ஒரு மருந்துக்கு மார்க் போடுறது போட்ட அன்னைக்கு எத்தன பூச்சி செத்து விழுந்துச்சுனு பாத்து இல்ல. அன்னைக்கு எதப் போட்டாலும் சாகும், பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு குளிப்பாட்டுனா கூட சாகும். மூணாவது வாரம் நாய் சொறியுதா இல்லையா, அதுதான் கணக்கு. ஏன்னா நாய் உடம்புல ஓடுற பெரிய பூச்சி மொத்த கூட்டத்துல 5 சதவீதம் போலத்தான், மிச்ச 95 சதவீதமும் முட்டையா, புழுவா, கூடா தரைல, பாய்ல, சோபா இடுக்குல, நாய் படுக்குற சாக்குல கிடக்கு. பொட்டத் தெள்ளு ரத்தம் குடிக்க ஆரம்பிச்ச ஒண்ணு ரெண்டு நாள்லயே முட்டை போட ஆரம்பிச்சிடும், ஒரு நாளைக்கு 40, 50 வரைக்கும் கூட போடும், அந்த முட்டை முடில ஒட்டிக்கிட்டு நிக்காது, நாய் எங்கெங்க படுக்குதோ அங்கெல்லாம் உதிரும். அதுல இருந்து வர்ற புழு வெளிச்சம் ஆகாம கட்டிலுக்கு அடில, டைல்ஸ் இடுக்குலனு போய் ஒளிஞ்சுக்கிட்டு பெரிய பூச்சியோட எச்சத்த தின்னு வளரும். அந்த எச்சம்னா வேற ஒண்ணும் இல்ல, செரிச்சு காஞ்ச ரத்தம்தான். அப்புறம் கூடு கட்டிக்கும். இந்த கூடுதான் பெரிய தலவலி. பிசுபிசுப்பா இருந்து மேல தூசிய ஒட்டிக்கும், கண்ணுக்கு தெரியாது, ஸ்ப்ரே உள்ள இறங்காது, சூடு, அதிர்வு, மூச்சுக்காத்து இதெல்லாம் கிடைக்கிற வரைக்கும் மாசக்கணக்குல கூட உள்ளயே கிடக்கும். ஊருக்கு போய்ட்டு வந்து பூட்டின வீட்ட திறந்ததும் கால்ல மொய்க்குதுனு சொல்றாங்கல்ல, அது புதுசா எங்கிருந்தோ வந்த பூச்சி இல்ல, நம்ம நடக்குற சத்தத்துக்கு கூட்ட விட்டு மொத்தமா வெளிய வந்ததுதான்.

இது புரிஞ்சா பாதி பொருள வாங்கவே மாட்டோம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், வந்திருக்கிறது தெள்ளா உண்ணியானு பாருங்க. கடைக்காரர்ட்ட போய் "நாய்க்கு பூச்சிண்ணே"னு சொன்னா அவர் கைக்கு கிடைக்கிறத எடுத்து குடுத்துருவார். உண்ணி ஒரே எடத்துல கவ்விக்கிட்டு அசையாம இருக்கும், காது மடல்லயும் விரல் இடுக்குலயும் பாக்கலாம், பிடிச்சு இழுத்தாத்தான் வரும். தெள்ளு பக்கவாட்டுல தட்டையா, செம்பழுப்பா, முடிக்குள்ள விறுவிறுனு ஓடும், விரல்ல புடிக்கிறதுக்குள்ள தாவிடும். பூச்சியே கண்ணுல படலன்னா வால் ஆரம்பிக்கிற எடத்துல முடிய விலக்கி பாருங்க, மிளகுத்தூள் மாதிரி கருப்பா பொடி இருக்கும், அத ஈரமான வெள்ளை டிஷ்யூல வெச்சு தேச்சா செம்பழுப்பா கரையும். மண்ணுன்னா அப்படி கரையாது. இதுக்கு பைசா செலவு கிடையாது.

இப்ப பொருளுக்கு வருவோம்.

ஷாம்பு. மூலிகை ஷாம்பு ஒண்ணு, மருந்து கலந்தது ஒண்ணு, ரெண்டும் வாங்கினோம், பேர் வேணாம். வாசனை நல்லாருக்கு, முடி பளபளங்குது, குளிப்பாட்டும்போது பூச்சி சாகுது, சாயந்தரமே சாக்குல போய் படுத்து புது பூச்சிய ஏத்திக்கிட்டு வந்துருது. உடம்புல நின்னு வேலை செய்யற சமாச்சாரம் அதுல இல்ல. ஒரேடியா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், பூச்சி ரொம்ப மொய்ச்சு கிடக்குற நாய்க்கு முதல் நாள் ஒரு ஆறுதல், அவ்ளோதான், அதுக்கு சாதா நாய் ஷாம்பே போதும். குளிப்பாட்டும்போது முதல்ல கழுத்த சுத்தி நுரை கட்டிடுங்க, இல்லன்னா தண்ணி பட்டதும் எல்லாம் மூஞ்சிக்கும் காதுக்கும் ஓடி ஏறிக்கும்.

பவுடர் வேணாம். வீடு பூரா பறக்குது, நாய் நக்குது, நம்ம தும்முறோம்.

ஸ்பாட் ஆன். சின்ன பிளாஸ்டிக் பிப்பெட்ல வர்றது, தோள்பட்டைக்கு நடுவுல ஊத்துறது. நாங்க ரெண்டு பூனைக்கும் போட்டது ஃபிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் சேந்தது, ஃப்ரன்ட்லைன் ப்ளஸ் அந்த ரகம், அதே சேர்க்கைல வேற கம்பெனி சரக்கும் வெட்னரி மெடிக்கல்ல கிடைக்குது. ஃபிப்ரோனில் பெரிய பூச்சிய கொல்லும், மெத்தோப்ரீன் முட்டையும் புழுவும் வளர விடாது. வெறும் ஃபிப்ரோனில் மட்டும் இருக்கிறதும் அதே ஷெல்ஃப்ல கொஞ்சம் விலை கம்மியா இருக்கும், தெள்ளுக்குன்னா நான் சேர்க்கையத்தான் வாங்குவேன், ஏன்னா மேல சொன்ன அந்த 95 சதவீதம். மருந்து தோல்ல இருக்கிற எண்ணெய் சுரப்பில போய் தங்கி கொஞ்சம் கொஞ்சமா உடம்பு முழுக்க பரவும், அதனால போடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் போட்ட ரெண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. முடி மேல ஊத்துனா பிரயோஜனம் இல்ல, முடிய பிரிச்சு தோல் தெரியுற எடத்துல, நாக்கு எட்டாத எடத்துல, கழுத்துக்கு பின்னால ஊத்தணும். பூனை நக்கிருச்சுன்னா வாயில நுரையா எச்சில் ஊத்தும், பாக்க பயமா இருக்கும். ஊத்துன அன்னைக்கு ரெண்டு பூனையையும் தனித்தனி ரூம்ல போட்டு வெச்சோம், ஒண்ண ஒண்ணு நக்கி குடுத்துக்குமே. 8 வாரத்துக்கு உள்ள இருக்க குட்டிக்கு இது கிடையாது.

இதுல ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. ஆன்லைன்ல இந்த மாதிரி மருந்துக்கு கீழ ஒரு ஸ்டார் போட்டவங்க கமெண்ட்ட படிச்சு பாருங்க, முக்கால்வாசி பேர் எழுதிருக்கது "போட்டு பத்து நாள் ஆச்சு, இன்னும் பூச்சி ஓடுது, டூப்ளிகேட்". டூப்ளிகேட்டா இருக்கவும் வாய்ப்பிருக்கு, பேட்ச் நம்பர் எக்ஸ்பைரி பாக்காம லூஸ்ல ஒரு பிப்பெட் வாங்கினா அப்படித்தான். ஆனா பெரும்பாலும் நடக்குறது என்னன்னா தரைல இருக்கிற கூட்டுல இருந்து தெனமும் புதுசா பொறிச்சு ஏறிக்கிட்டே இருக்கும், ஏறினது ஒரு நாள் ரெண்டு நாள்ல மருந்துல சாகும், நம்ம கண்ணுக்கு எப்ப பாத்தாலும் நாலு பூச்சி ஓடுற மாதிரியே இருக்கும். அந்த நேரத்துல மருந்து சரியில்லன்னு விட்டுட்டு அடுத்த மாச டோஸ போடலன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். எங்க வீட்ல மூணாவது மாச டோஸ் போட்டதுக்கு அப்புறம்தான் சீப்புல ஒண்ணும் மாட்டல. பூனைக்கு இத கண்ண மூடிக்கிட்டு திரும்ப வாங்குவேன்.

மணிக்கு இந்த வழி சரிப்படல, அவன் மழைல நனைஞ்சு, மணல்ல புரண்டு, வாரம் ஒரு குளியல் போடுற ஆளு, தோல்ல நிக்கிற மருந்து அவன்கிட்ட எவ்வளவு நாள் தாங்கும். டாக்டர் எடை பாத்துட்டு மாத்திரைக்கு மாத்திட்டார். கடிச்சு திங்கிற மாத்திரை, ப்ராவெக்டோனா 12 வாரத்துக்கு ஒண்ணு, சிம்பாரிகா, நெக்ஸ்கார்ட்னா மாசத்துக்கு ஒண்ணு, மூணும் ஒரே குடும்பத்து மருந்துதான். உள்ள இருக்க சரக்கு முறையே ஃப்ளூரலானர், சரோலானர், அஃபோக்சோலானர். ரத்தத்துல கலந்து நிக்கும், தெள்ளு கடிச்சு ரத்தம் குடிச்சாத்தான் சாகும், ஆனா முட்டை போடுற அளவுக்கு வளர நேரம் குடுக்காது, சில மணி நேரத்துலயே காலி. உண்ணிக்கும் சேத்தே வேலை செய்யுறதால மழைக்காலத்துல ரெட்ட லாபம். விலை கேட்டா கண்ணு முழி பிதுங்கும், எடை கூடின நாய்க்கு 12 வார மாத்திரை ஆயிரத்த சாதாரணமா தாண்டும். ஷாம்பு, பவுடர், ஸ்ப்ரேனு சில்லறையா வாங்கிக் குவிச்ச பில்ல எல்லாம் அம்மா கூட்டி காட்டினாங்க, அதுக்கு இது சீப்பு.

எடை பட்டைய பாத்து வாங்கணும், 10ல இருந்து 20 கிலோனு போட்டிருந்தா அந்த எடைக்குத்தான், பெரிய நாய் மாத்திரைய வாங்கி உடைச்சு ரெண்டு நாய்க்கு குடுக்குற வேலை வேணாம், மருந்து மாத்திரை முழுக்க ஒரே அளவா கலந்திருக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல. ப்ராவெக்டோவ சாப்பாட்டோட குடுக்கணும், வெறும் வயித்துல குடுத்தா சரியா உடம்புல சேராது. இன்னொண்ணு, வலிப்பு வந்த நாயா இருந்தா டாக்டர்ட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. இந்த குடும்பத்து மருந்துக்கு நடுக்கம், வலிப்பு வரலாம்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2018லயே எச்சரிக்கை குடுத்திருக்கு. பெரும்பாலான நாய்க்கு ஒண்ணும் ஆகறதில்ல, மணிக்கும் ஒண்ணும் ஆகல, முதல் மாத்திரைக்கு மட்டும் ஒரு நாள் சோறு கம்மியா தின்னான்.

காலர் நாங்க வாங்கல, பூனை ரெண்டும் கழுத்துல எத மாட்டுனாலும் கழட்டி எறியுற ரகம். நல்ல காலர் ஏழெட்டு மாசம் வேலை செய்யும்கிறாங்க, ஆனா அம்பது நூறு ரூபாய்க்கு கலர் கலரா தொங்குதே அத நம்பி வாங்காதீங்க, உள்ள என்ன மருந்து எவ்வளவு சதவீதம்னு பாக்கெட்ல போட்டிருக்கானு முதல்ல பாருங்க.

பூனை வெச்சிருக்கவங்க இத மட்டும் ரெண்டு தடவ படிங்க. நாய்க்கு வர்ற சில ஸ்பாட் ஆன்ல பெர்மெத்ரின் இருக்கும். பூனையோட ஈரலுக்கு அத உடைச்சு வெளியேத்த தெரியாது, கை கால் நடுக்கம், வலிப்பு, உயிரே போயிரும். மாட்டு உண்ணிக்கு விக்கிற டெல்டாமெத்ரின் தண்ணில கலந்து அடிக்கிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப உண்டு, அதுவும் அந்த வகையறாதான், பூனை கிட்டயே கொண்டு போகக் கூடாது. எனக்கு ஒரு கடைல "பூனைதானே தம்பி, பாதி ஊத்துங்க போதும்"னு நாய் பிப்பெட்ட எடுத்து நீட்டினாங்க. ஃபிப்ரோனில் மெத்தோப்ரீன் சேர்க்கைலயே நாய்க்கும் பூனைக்கும் அளவு வேற வேற, பூனை பேக்ல மெத்தோப்ரீன் கூட. பாதி ஊத்துற கணக்கெல்லாம் கிடையாது. பாக்கெட்ல பூனை படம் இருக்கணும், பூனை எடை எழுதிருக்கணும், இல்லன்னா திருப்பி குடுத்துட்டு வாங்க. வீட்ல முயல் இருந்தா ஃபிப்ரோனில் அதுக்கு ஆகவே ஆகாது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டு வைத்தியம். பக்கத்து வீட்டு அக்கா தேங்கா எண்ணெய்ல கற்பூரத்த கரைச்சு தடவ சொன்னாங்க, சித்தப்பா ஃபினாயில் போட்டு குளிப்பாட்ட சொன்னார், இன்னொருத்தர் பூண்டு குடுக்க சொன்னார். மூணும் வேணாம். கற்பூரமும் ஃபினாயிலும் நக்கி உள்ள போனா விஷம், பூனைக்கு கேக்கவே வேணாம். பூண்டும் வெங்காயமும் நாய் பூனை ரெண்டோட ரத்த செல்லையும் உடைக்கும். தரைல சுண்ணாம்பு தூவுனா பாதம் புண்ணாகும். வேப்பிலை தண்ணில நாய குளிப்பாட்டுறது பரவால்ல, கெடுதல் இல்ல, ஆனா அதுவே மருந்துனு நம்பிக்கிட்டு இருந்தா தெள்ளு குடும்பம் நடத்திக்கிட்டே இருக்கும்.

நான் வாங்கினதுலயே ரொம்ப விலை கம்மியும் ரொம்ப உபயோகமும் எதுன்னா இரும்பு பல்லு வெச்ச பேன் சீப்பு மாதிரி நெருக்கமான சீப்பு. கழுத்துலயும் வால் பக்கமும் வாரி, சீப்ப சோப்பு தண்ணி டம்ளர்ல முக்கணும், இல்லன்னா தாவிடும். மருந்து போட முடியாத சின்ன குட்டிக்கு இது ஒண்ணுதான் வழி. குட்டிங்க விஷயத்துல அசட்டையா இருக்காதீங்க, தெள்ளு நிறைய இருந்தா ரத்தம் உறிஞ்சியே ரத்தசோகை வந்து செத்துரும், ஈறு வெளுத்து இருந்தா சீப்பையும் வெச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க.

வீட்டுக்கு மருந்து அடிக்கிறது பத்தி கொஞ்சம் புலம்பணும். முதல்ல கூப்பிட்டது பேர் சொன்னா எல்லாருக்கும் தெரியற பெஸ்ட் கன்ட்ரோல், பேர் சொல்லல. போன்ல தெள்ளுப்பூச்சினு தெளிவா சொல்லியும் வந்த ஆளு கிச்சன்ல கரப்பானுக்கு ஜெல் வெச்சுட்டு, ஹால் நடுவுல நாலு பீச்சு பீச்சிட்டு, சோபாவ நகத்த கூட இல்ல, கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிட்டார். திரும்ப போன் பண்ணா தெள்ளுக்கு தனி பேக்கேஜாம், அதுக்கு தனி ரேட்டாம். பிள்ளையார் பிடிக்க குரங்கா முடிஞ்ச கதை. அடுத்து தெரிஞ்சவங்க மூலமா வந்தவர் ஒத்த ஆளு, தோள்ல ஸ்ப்ரேயர், கம்பெனி சட்டை கூட கிடையாது. வர்றதுக்கு முன்னாடியே "வீட்ட நல்லா கூட்டி வைங்க சார், கட்டில் சோபால்லாம் நகத்தி வைங்க, மீன் தொட்டி இருந்தா வெளிய எடுத்துருங்க, பூனைய ஒரு நாள் வேற எங்கயாச்சும் விட்ருங்க"னு போன்லயே சொல்லிட்டார். அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. பூச்சிய கொல்றதோட பைரிப்ராக்சிஃபென்னு ஒண்ணும் கலக்குறேன், அது புழு பெரிய பூச்சியா மாறாம தடுக்கும்னு பாட்டில காட்டினார். கட்டிலடி, சோபாக்கு பின்னால, வாசல் படி இடுக்கு, மணி படுக்குற திண்ணை மூலை, அங்கதான் அடிச்சார், ஹால் நடுவுல அடிக்கவே இல்ல. கிளம்பும்போது ரெண்டு வாரம் ஓரத்துல மாப் போடாதீங்க, ஆனா தெனமும் கூட்டுங்க, நடமாடுங்க, பூச்சி இன்னும் ரெண்டு வாரம் வெளிய வரும், அதுக்கு எனக்கு போன் பண்ணி திட்டாதீங்கன்னார். அப்படியே நடந்துச்சு. ஆள் கூப்பிடுறவங்க "என்ன மருந்து, வளர்ச்சி தடுக்குற மருந்து சேப்பீங்களா, எங்கெங்க அடிப்பீங்க"னு மூணு கேள்வி கேளுங்க, முழிச்சாங்கன்னா வெச்சுருங்க.

ஆனா ஸ்ப்ரேய விட வாக்யூம் கிளீனர்தான் எங்க வீட்ட காப்பாத்துச்சுனு சொல்லுவேன், சும்மா கார் சுத்தம் பண்ண வாங்கி வெச்சிருந்த சின்ன மெஷின்தான். முட்டையையும் எச்சத்தையும் இழுத்துரும், அதோட அதிர்வுக்கு கூட்டுல இருக்கிறது வெளிய வந்து மருந்துல மாட்டும். தூசிய உடனே கவர்ல கட்டி வெளிய போட்ரணும், உள்ளயே விட்டா அதுலயே பொறிக்கும். மெஷின் இல்லன்னா விளக்குமாறு போதும், கட்டிலுக்கு அடில குனிஞ்சு கூட்டணும், அதுதான் யாரும் செய்யறதில்ல. நாய் சாக்கு, பூனை துணி, தலகாணி உறை எல்லாம் வாரம் ஒரு தடவ வெந்நீர்ல, மெஷின்ல 60 டிகிரி இருந்தா அதுல. துவைக்க முடியாத பாய், கால்மிதி, சோபா மெத்தைய மொட்ட மாடில மதிய வெயில்ல போடுங்க. முட்டைக்கும் புழுக்கும் ஈரப்பதம் வேணும், நம்ம ஊர் மாடி சூட்டுல, காஞ்ச காத்துல தாங்காது. மழைக்காலத்துல தெள்ளு கூடுறதுக்கும் சித்திரைல அடங்குறதுக்கும் காரணம் அதுதான்.

கொறஞ்சுருச்சானு பாக்க ராத்திரி ஒரு தட்டுல சோப்பு தண்ணி ஊத்தி தரைல வெச்சு அதுக்கு மேல டேபிள் லேம்ப்ப வெச்சுட்டு மத்த லைட்ட அணைச்சுருங்க. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தாவி வந்து தட்டுல விழும், காலைல எண்ணிக்கலாம். இது ஒழிக்காது, ஆனா வாரா வாரம் வெச்சு பாத்தா நிலவரம் தெரியும். பூனைய அந்த ரூம்ல விடாதீங்க, தட்ட கவுத்துரும்.

காசு கம்மியா இருந்தா எனக்கு தெரிஞ்ச வரிசை இது: முதல்ல சீப்பும் விளக்குமாறும் வெயிலும், அடுத்து வீட்ல இருக்க எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாள்ல மருந்து, ஒண்ணுக்கு போட்டு ஒண்ண விட்டா பிரயோஜனமே இல்ல. பூச்சி மருந்து ஆள் கடைசி. அரசு கால்நடை ஆஸ்பத்திரில எடை பாத்து சீட்டு எழுதி வாங்கிட்டு வெளிய மெடிக்கல்ல மருந்து மட்டும் வாங்குனா டாக்டர் செலவும் பெருசா இல்ல. மழை ஆரம்பிச்சப்புறம் ஓடுறத விட புரட்டாசிலயே முதல் டோஸ போட்டுரலாம்னு டாக்டர் சொல்லிருக்கார், இந்த வருஷம் அப்படித்தான் செய்யப் போறேன்.

கடைசியா ஒண்ணு, தெள்ளு போனதும் குடல் புழு மருந்து குடுத்துருங்க. நாய் பூனை உடம்ப கடிச்சு சொறியும்போது தெள்ளையும் சேத்து முழுங்கும், அதுக்குள்ள இருக்க நாடாப்புழு குடல்ல வளரும். வால் ஓரத்துலயோ படுக்கைலயோ காஞ்ச அரிசி போல துண்டு துண்டா ஒட்டியிருந்தா அதுதான். ப்ராசிக்வான்டெல் இருக்கிற மாத்திரை கேளுங்க, சும்மா புழு மருந்துனு கேட்டா அது இல்லாததையும் குடுத்துருவாங்க. இதுக்கும் எடை பாத்துத்தான் அளவு, மணிக்கு வாழைப்பழத்துக்குள்ள வெச்சு குடுத்தோம், பழத்த மட்டும் தின்னுட்டு மாத்திரைய துப்பிட்டான், அப்புறம் கருவாட்டுக்குள்ள வெச்சோம், போயிருச்சு.